கால் நனைக்க ஏழு நிமிஷம்

என் அத்தான் அக்காவைக் கடற்கரையில் விற்றுவிட்டு வந்துவிட்டாராம். இந்தச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவர், நான் பிழைக்க வந்திருக்கும் நாட்டில் எனக்கு முடி வெட்டுகிற கடைக்காரர். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குச் சொன்னது ஊரில் இருக்கும் அவளுடைய சின்னம்மா. சின்னம்மாவுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "ஊரே சொல்லுதாம் சார்" என்றார். கத்திரி என் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் குறுக்கு விசாரணையை அடக்கித்தான் செய்ய வேண்டியிருந்தது.

"வித்துட்டாருன்னா, யாருங்க வாங்கினது?"

"அது தெரியல சார். ரெண்டு பேரும் டூர் பஸ்ல போனாங்களாம். திரும்பி வர்றப்ப இவர் மட்டும் வந்தாராம். அவங்க பையை மட்டும் பக்கத்து சீட்ல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாராம். சைடு இன்னும் கொஞ்சம் குறைக்கவா?"

போதும் என்று எழுந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க ஒரு பக்கக் கிருதா உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் அலைந்தேன். அந்த டூருக்கு அவர்களை அனுப்பிவைத்தவனே நான்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து அக்காவின் மடியில் விட்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அத்தான், அக்கா எங்க?"

"இருக்கா. ஏன்?"

"வீட்ல இருக்காளா?"

"வீட்ல இல்ல. ஆனா இருக்கா. டூர்ல ஒரு சின்ன டிலே. மத்தபடி எல்லாம் டைமுக்கு நடந்துச்சு மாப்ள. கடைசி நாள் ஆறு மணிக்கு வர வேண்டிய பஸ் அஞ்சு அம்பத்தெட்டுக்கே வந்து நின்னுச்சு. ரைட்."

வைத்துவிட்டார்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அத்தானுக்கு டைம்கீப்பர் வேலை. பஸ் நிலையத்தின் நடுவில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு பெரிய சுவர்க்கடிகாரம். கழுத்தில் விசில். வண்டி வந்தால் வந்த நேரத்தை எழுத வேண்டும், போனால் போன நேரத்தை எழுத வேண்டும், போக வேண்டிய நேரத்தில் போகாத வண்டியை மைக்கில் நாலு பேர் கேட்கத் திட்ட வேண்டும். முப்பத்துநாலு வருஷம் இதுதான். அடுத்தவர்களைப் போ போ என்று சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவர், தான் மட்டும் எங்கும் போனதில்லை. டெப்போவில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். "நிமிஷம் வர்றாரு, கிளாஸைக் கீழ வை" என்பார்களாம் டிரைவர்கள். அதை எல்லோரும் பட்டப்பெயர் என்று நினைத்தார்கள். அவர் பட்டம் என்றே நினைத்துக்கொண்டார்.

இரண்டு மொழியில் படித்ததால் எனக்கு நேர்ந்த தொல்லைகளில் ஒன்று, ஒரு சொல் அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ரைட் என்றால் அந்த மொழியில் சரி என்று அர்த்தம். வலது என்று அர்த்தம். உரிமை என்றும் அர்த்தம். நம் பஸ்ஸில் ஏறியதும் அத்தனையும் உதிர்ந்து ஒன்றுதான் மிஞ்சுகிறது: நகரு. சரியோ தப்போ, நகரு. அத்தான் அந்த ஒற்றை அர்த்தத்தைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்தால் ரைட். அக்கா ஏதாவது சொல்ல ஆரம்பித்து அது நீளும்போல இருந்தால் ரைட். சண்டையில் தன் பக்கம் இறங்கினால் உடனே ரைட். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த அன்று டாக்டர் வெளியே வந்து தலையை அசைத்தார். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரைட்" என்றார். அப்பாவும் அவர் சொல்லித்தான் கிளம்பினார்போல.

வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். குளியலறையில் அக்கா இருந்தால் எட்டாவது நிமிடம் கதவில் இரண்டு தட்டு விழும். ஒரு முறை நான் கல்லூரியில் சேரப் போகிற நாள். நானும் அக்காவும் கையில் பைகளோடு, வாயில் மூச்சோடு பஸ்ஸைப் பார்த்து ஓடி வருகிறோம். கூண்டுக்குள்ளிருந்து அத்தான் எங்களைப் பார்க்கிறார். பார்த்தபடியே மைக்கில் "ரைட்" என்கிறார். பஸ் போய்விட்டது. "சொந்தக்காரங்களுக்காக வண்டியை நிறுத்தினான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு" என்று பிறகு விளக்கினார். யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை அவர்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. தரைக்குக் கீழே, படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. இருபத்தெட்டு வருஷம் அந்த ஊரில் பாதிப் பேருடைய நெஞ்சுவலியை முதலில் கேட்டது அவள் காதுதான். மூன்றாவது மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. நான்காவது மணி அடித்தால் மறுமுனையில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கலாம் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அவள் உடம்போடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கையில் மாவு இருந்தாலும் சரி, மூன்றாவது மணிக்குள் எடுத்து "சொல்லுங்க" என்பாள். பேசி முடித்ததும் "வேற?" என்பாள். இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அடுத்தவர்கள் பேசுவார்கள். அதுதான் அவள் வாழ்க்கை.

இருவரும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். உனக்கு என்னக்கா வேண்டும் என்று கேட்டேன். தூரத்தில் இருப்பவன் பயந்துகொண்டே கேட்கிற கேள்வி அது. பதில் எவ்வளவு தூரம் போகுமோ என்று.

"என்னடா பெருசா வேணும். கடல்ல கொஞ்ச நேரம் நிக்கணும். யாரும் கூப்பிடாம."

அதைக் கேட்டு நான் செய்த காரியம், முப்பத்தெட்டு பேரில் ஒருத்தியாக அவளை ஒரு பஸ்ஸில் ஏற்றியது. 'எழில் கொஞ்சும் கடலோரம்: நான்கு நாட்கள், மூன்று இரவுகள், பதினொரு இடங்கள்' என்று வழவழத்தாளில் போட்டிருந்தார்கள். படத்தில் கடல் யாரோ சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல நீலமாக இருந்தது. மூன்றாம் நாள் பட்டியலில் ஒரு வரி: 'சிறு குடாவில் கடலில் கால் நனைத்தல் – 15 நிமிடம்.' அக்கா அதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாள்.

"கால் நனைத்தல்னு அச்சடிச்சே போட்டிருக்காங்கடா."

அவள் சிரித்தாளா சந்தோஷப்பட்டாளா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு நடந்ததை அக்கா எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள். விட்டுப்போனதை அந்த பஸ்ஸின் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டு நிரப்பிக்கொண்டேன். வழவழத்தாளில் அவள் நம்பர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் இரண்டே பெயரடை தெரியும்: 'அழகான', 'மிக அழகான'. அழகான பாறை, மிக அழகான பாறை. "உங்க இடது பக்கம் பாருங்க, மிக அழகான கலங்கரை விளக்கம்" என்று அவள் சொல்லி முடிக்கும்போது கலங்கரை விளக்கம் பின்னால் ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். பயணிகள் மட்டும் லேசுப்பட்டவர்களா? கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் கடல், நாற்பது நிமிடம் சோழிக் கடை. அந்தச் சோழிகள் எந்தக் கடலில் இருந்து வந்தனவோ, நிச்சயம் அந்தக் கடலில் இருந்து இல்லை என்றாள் அக்கா. பாதி பிளாஸ்டிக்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. அத்தான் முதல் நாள் மதியம் வரைதான் பயணியாக இருந்தார். அதற்குள் தெரிந்துவிட்டது, பஸ்ஸின் டிரைவர் அவருடைய டெப்போவில் இருபது வருஷம் ஓட்டிவிட்டுத் தனியாருக்கு வந்தவர் என்று. அவர் அத்தானைப் பார்த்ததும் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அது போதாதா? இரண்டாவது நிறுத்தத்தில் மூன்று பேர் தாமதமாக வந்தார்கள். அத்தான் எழுந்தார். வழிகாட்டிப் பெண் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"சீட் நம்பர் பதினாறு, பதினேழு, பதினெட்டு. நாலு நிமிஷம் லேட். உங்க நாலு நிமிஷத்தை மத்த எல்லாரோடயும் பெருக்கிப் பாருங்க."

பதினாறு, பதினேழு, பதினெட்டு தலைகுனிந்து ஏறினார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்தவன் மாட்டிக்கொள்ளும்போது ஒழுங்கு எவ்வளவு இனிக்கிறது! வழிகாட்டிப் பெண்ணுக்கோ தலைமேல் இருந்த பாரம் இறங்கியது. "அங்கிள் இருக்கறதால எனக்கு வேலையே இல்ல" என்று சொல்லி, டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த தன்னுடைய மடக்கு சீட்டையும் கொடுத்துவிட்டாள். அத்தான் அதில் போய் உட்கார்ந்தார். அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் அவர் பை மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் தலையை எண்ணினாள். "முப்பத்தெட்டு. சரியா இருக்கு அங்கிள்."

"தப்பு. முப்பத்தாறு."

"இல்லையே அங்கிள், ரெண்டு தடவை எண்ணினேன்."

"டிரிப் ஷீட்ல டிரைவர் கண்டக்டரை எழுதுவாங்களாம்மா? பாசஞ்சரை மட்டும்தான் எண்ணணும். நானும் இவளும் பாசஞ்சர் இல்ல. ஸ்டாஃப்."

அக்கா ஜன்னலில் இருந்து திரும்பினாள். "நான் எப்போ ஸ்டாஃப் ஆனேன்?"

"கல்யாணமான அன்னைக்கே."

பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாளாம். பழக்கதோஷம்.

ஆனால் ஸ்டாஃபுக்கான வேலை அவளுக்குத்தான். யார் யார் இறங்கவில்லை என்று பார்ப்பது, தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவது, குடையை மறந்துவிட்டு வந்தவர்களுக்காகத் திரும்ப ஓடுவது. இரண்டு நாளில் ஏழு கடற்கரைகள் போயின. ஏழிலும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதற்குள் விசில் வந்தது. விசிலை ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தார் மகராசன்.

மூன்றாம் நாள் அந்தக் குடா. மேலே ரோடு, கீழே கடல், நடுவில் நூற்றுப் பன்னிரண்டு படி. அன்று காலையில் இருபத்துமூன்றாம் சீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்து, எட்டு நிமிடம் தேடி, கடைசியில் தன் தலைமேலிருந்தே எடுத்திருந்தார். அந்த எட்டை எங்கே கழிப்பது? அத்தான் மைக்கை எடுத்தார்.

"பதினஞ்சுல எட்டு போச்சு. கால் நனைக்க ஏழு நிமிஷம். படி ஏறி இறங்கற டைமும் அதுக்குள்ளதான்."

"அங்கிள், படியே நூத்துப் பன்னெண்டு இருக்கு" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"அப்போ வேகமா நனைக்கணும்."

புத்திசாலிகள் மேலேயே நின்று படம் எடுத்தார்கள். சிலர் பாதிப் படி இறங்கி மூச்சு வாங்கித் திரும்பினார்கள். அக்கா மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிவரை இறங்கினாள். போகும்போது அவரைப் பார்த்து, "நான் வந்துடறேன்" என்றிருக்கிறாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது நிமிடம் விசில். எல்லோரும் ஏறினார்கள். அத்தான் வாசலில் நின்று எண்ணினார். முப்பத்தாறு. கணக்கு ரொம்பச் சரி. மடக்கு சீட்டில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "ரைட்" என்றார்.

வண்டி போய்விட்டது.

அந்த டிரைவரை நான் பிறகு திட்டலாம் என்றுதான் போன் செய்தேன். அவர் அழாத குறை. "தம்பி, கண்ணாடில அம்மா சீட்டைப் பார்த்தேன், பை இருந்துச்சு, ஆளைக் காணோம். வாயைத் திறக்கறதுக்குள்ள சார் ரைட்னுட்டாரு. சார் ரைட்னா கால் தானா போயிடும் தம்பி. மூளை வரைக்கும் போறதில்ல. அப்புறம் சாரே எண்ணியாச்சேன்னு விட்டுட்டேன்." மற்ற முப்பத்தாறு பேரும் அதையேதான் நினைத்தார்கள். சாரே எண்ணியாச்சு.

கீழே தண்ணீரில் நின்ற அக்காவுக்கு விசில் கேட்டது. பஸ் கிளம்பிய சத்தமும் கேட்டது.

"ஏன்க்கா கத்தல?"

"கத்தியிருக்கலாம். அப்போ ஒரு பெரிய அலை வந்துச்சுடா. முதல்ல இதைப் பார்த்துட்டு அப்புறம் பதறலாம்னு நினைச்சேன். அப்புறம் பதற மறந்துட்டேன்."

ஐம்பது நிமிடம் கழித்து, சாப்பிட நிறுத்திய இடத்தில்தான் பதினோராம் சீட் அம்மாள் கேட்டாள்: "உங்க வீட்டம்மாவை எங்க சார் காணோம்?"

அத்தான் பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சொன்ன முதல் வார்த்தையை அந்த வழிகாட்டிப் பெண் இன்னும் நம்ப முடியாமல் சொன்னாள்: "டைமுக்கு வரலையா?"

வண்டியைத் திருப்பலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். டிரைவர் சாவியோடு ஓடினார். அத்தான் குறுக்கே நின்றார். "ஒரு ஆளுக்காக முப்பத்தாறு பேரைத் திருப்பறதா? அதுவும் ஸ்டாஃபுக்காகவா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்றது?" கேட்பதற்கு எந்த ஒருத்தன் வரப்போகிறான் என்று பதினோராம் சீட் அம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டாளாம். அவளை அவர் காதில் வாங்கவில்லை. போனை எடுத்து அக்காவை அழைத்தார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"எங்க இருக்கே?"

"கடல்ல."

"அங்கேயே நில்லு. டாக்சி அனுப்பறேன். ராத்திரி தங்கற இடத்துக்கு வந்து சேர்ந்துக்க."

"சரி. வேற?"

"ரைட்."

டாக்சி போனது. அக்கா டாக்சிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த பர்ஸில் இருந்த பணத்தில், மேலே ரோட்டில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தாள். கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு நாற்காலி. அதை நடத்துகிற அம்மாள் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையாம். அதில் ஒன்பது பூனையோடு. அக்காவுக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

அத்தான் மிச்சமிருந்த டூரை ஒரு நிமிடம் குறையாமல் முடித்தார். நான் போன் செய்த மறுநாள் எனக்குப் படங்கள் அனுப்பினார், எல்லாம் டைமுக்கு நடந்தது என்பதற்குச் சாட்சியாக. கலங்கரை விளக்கத்துக்கு முன் அத்தான், தூக்குப் பாலத்துக்கு முன் அத்தான். எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார், வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலி. எடுத்தவனுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன்.

நான் தினமும் அக்காவைக் கூப்பிட்டேன். சாப்பிட்டியா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, மாத்திரை இருக்கா, தண்ணியில ஆழமாப் போகாதே. பயந்தவனின் பாசத்தைப் பட்டியலாகத்தான் சொல்ல முடியும். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள்.

"எப்போக்கா வீட்டுக்குப் போவே?"

"கால் இன்னும் காயலடா. காஞ்சதும் சொல்றேன்."

அத்தானும் கூப்பிட்டார். எட்டு நாளில் பத்தொன்பது முறை என்று அக்கா சொன்னாள். ஒன்றில்கூட 'வா' என்ற வார்த்தை இல்லை.

"சர்க்கரை எங்க?"

"மேல் தட்டு, இடது பக்கம், சிவப்பு மூடி. வேற?"

"இஸ்திரிப் பெட்டி சூடாகல."

"சுவிட்சை ரெண்டு தடவை போடணும். வேற?"

"ரைட்."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிற நோயாளிகளாவது நன்றி சொல்வார்கள். ஊரோ சும்மா இருக்கவில்லை. அக்கா மூழ்கிவிட்டாள் என்றார்கள்; வழிகாட்டியோடு போய்விட்டாள் என்றார்கள்; வழிகாட்டி ஒரு பெண் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்து, விற்றுவிட்டார் என்பதில் வந்து நின்றார்கள். அத்தானை அதில் எது உறுத்தியதோ தெரியாது. "நிமிஷம் சார் ஆளைத் தப்பா எண்ணிட்டாராம்" என்று டெப்போவில் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் உறுத்தியிருக்கும் என்று நான் நினைத்தேன். பதினோராம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நாளைக்கு நான் அங்க போறேன். மூணு ஐம்பதுக்கு அங்க இறங்கறேன். நாலு பத்துக்குத் திரும்புற வண்டி. அந்த ஸ்டாண்ட் டைம்கீப்பர் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். அவகிட்ட சொல்லிடு."

முப்பத்துநாலு வருஷத்தில் அவர் யாருக்காகவும் ஒரு வண்டியை ஒரு நிமிடம் பிடித்து வைத்ததில்லை. இப்போது இரண்டு நிமிடம். மனைவிக்காக. இதைப் பெரிய விஷயம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அடுத்த கணம் எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் இரண்டு நிமிடம்! இதற்கா இளகுவது?

"நீங்களே சொல்லலாமே அத்தான்."

"நீ சொன்னா கேப்பா."

சொன்னேன். அக்காவுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"கீழ வருவாராடா?"

"தெரியலக்கா."

"நாலு மணிக்கு நான் தண்ணியிலதான் இருப்பேன். கீழ வந்து செருப்பைக் கழட்டிட்டு நின்னா, பேசலாம், போகலாம். மேல நின்னு விசில் அடிச்சா எனக்குக் கேக்காது. அலை சத்தம் ஜாஸ்தி. அதையும் சொல்லிடு."

அதையும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் அங்கே சாயங்காலம் நான்கு மணி. எனக்கு இங்கே காலை. அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, என் போனையும் அலுவலகப் போனையும் மடியில் வைத்துக்கொண்டேன். நாலு எட்டுக்கு அத்தான் கூப்பிட்டார்.

"அவ இன்னும் வரல."

"நீங்க கீழ போனீங்களா?"

"பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாச்சுல்ல?"

"அத்தான், அவ சொன்னதைச் சொன்னேன்ல. படி எங்க இருக்கு?"

"இதோ, எதிர்லதான். ரோட்டைத் தாண்டினா படி."

"அப்போ போங்க!"

"எப்படிப் போறது? நான் பஸ்ஸோட படியில கால் வச்சிட்டு நிக்கறேன். காலை எடுத்தா இவன் வண்டியை எடுத்துடுவான். டைம் ஆச்சு. உள்ள எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. நீ அவளுக்குப் போன் போடு. உன் போனை எடுப்பா. ஏறச் சொல்லு."

அவர் குரலுக்குப் பின்னால் ஹார்ன் அடித்தது. ஒருமுறை, பிறகு நீளமாக ஒருமுறை. யாரோ உள்ளேயிருந்து, "பெரியவரே, ஏறுங்க இல்ல இறங்குங்க" என்றார். அந்த நியாயத்தை நான் மனசுக்குள் கைதட்டி வரவேற்றேன்.

இன்னொரு போனில் அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டேன். ஏறுகிறேன் என்று சொல்வாளோ என்று பயமா, ஏற மாட்டேன் என்று சொல்வாளோ என்று பயமா, எனக்கே தெரியவில்லை.

முதல் மணி அடித்தது. இரண்டாவது மணி.

"எடுத்தாளா?" என்றார் அத்தான்.

"இன்னும் இல்ல."

மூன்றாவது மணி. இருபத்தெட்டு வருஷமாக அவள் கை எங்கிருந்தாலும் ஓடி வந்து சேர்கிற மணி அது.

நான்காவது அடித்தது.

"சார், நாலு பன்னெண்டு ஆச்சு" என்று அந்தப் பக்கம் ஒரு குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவனாக இருக்க வேண்டும். "ரைட் குடுத்துடட்டுமா சார்?"

"எத்தனையாவது மணி மாப்ள?" என்றார் அத்தான். குரல் அவருடையதுபோல இல்லை.

"அஞ்சு" என்றேன். "அத்தான், காலை எடுங்க."

ஹார்ன் அடித்தது. அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.